ஹெம்ப் பயிர்: நாருக்கா, விதைக்கா, பூவுக்கா?

கஞ்சா இனத்தின் போதை குறைந்த வகையான ஹெம்ப்பை வளர்க்க உரிமம் கைக்கு வந்துவிட்டது, நிலமும் இருக்கிறது, எந்த விதை வாங்குவது என்று தெரியவில்லை. இந்த இடத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இண்டிகா ரகம் நல்லதா, சட்டைவா ரகம் நல்லதா?" அதற்கு நேராகப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதிலை நம்பி விதைத்தவருக்கு அறுவடை நேரத்தில் கை பிசைய வேண்டிவரும். ரகத்தின் பெயருக்கு முன்னால் முடிவாக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. செடியின் எந்தப் பாகத்தை விற்கப்போகிறீர்கள்? தண்டையா, விதையையா, பூவையா?

செடி ஒன்றுதான். விவசாயம் மூன்று. விதை அளவு, இடைவெளி, இயந்திரம், ஆள் தேவை, உலர்த்தல், சந்தை எல்லாமே ஒன்றுக்கொன்று மாறும். இங்கே பேசுவது சட்டப்படி உரிமம் பெற்று வளர்க்கும், போதைப்பொருள் அளவு குறைந்த ஹெம்ப் பயிரைப் பற்றி மட்டும்தான்.

## பெயர்க் குழப்பம்

தமிழில் சணல் என்றால் பலருக்கும் சாக்குப் பை நெய்யும் நார்ச் செடிதான் நினைவுக்கு வரும். சணப்பு என்றால் பசுந்தாள் உரத்துக்கு மடக்கி உழுகிற, மஞ்சள் பூ பூக்கிற செடி. ஹெம்ப் இந்த இரண்டும் இல்லை. அது கஞ்சா இனத்துச் செடியேதான். போதை தரும் டி.எச்.சி. மிகக் குறைவாக இருக்கும்படி தேர்ந்தெடுத்த ரகங்களை மட்டும் ஹெம்ப் என்கிறோம்.

1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்த இனத்துக்கு கன்னாபிஸ் சட்டைவா என்று பெயர் வைத்தார். 1785இல் பிரெஞ்சு தாவரவியலாளர் லமார்க், இந்தியாவிலிருந்து கிடைத்த செடிகளை வைத்து இண்டிகா என்று இன்னொரு பெயரைச் சேர்த்தார். இன்று வணிகத்தில் இண்டிகா என்று சொல்லப்படுகிற செடி லமார்க் பார்த்தது அல்ல. அது ஆப்கானிஸ்தான், இந்துகுஷ் மலைப் பக்கத்திலிருந்து வந்த குட்டையான, புதர் போன்ற, அகன்ற இலைச் செடி. கணுக்கள் நெருக்கமாக இருக்கும், பூங்கொத்து இறுகிக் கனமாக இருக்கும், பூத்து முதிர அதிக நாள் ஆகாது. குறுகிய கோடையும் வறண்ட காற்றும் உள்ள மலையில் பிழைக்க வேண்டிய செடிக்கு இந்தக் குணங்கள் எல்லாம் பொருத்தம்தான்.

நெட்டையாக வளர்ந்து நீளமான தண்டு தருகிற ஐரோப்பிய நார் ரகங்கள் சட்டைவா பக்கம். எண்ணெய்க்காகவும் மருந்துக்காகவும் பூ எடுக்கிற ஹெம்ப் ரகங்களில் அகன்ற இலை இண்டிகாவின் ரத்தம் நிறையக் கலந்திருக்கிறது. ஆனால் இன்று விற்கும் விதைகள் ஏறக்குறைய எல்லாமே கலப்புகள். இண்டிகா என்ற சொல், செடியின் உருவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும். டி.எச்.சி. எவ்வளவு, மருந்துக்காகத் தேடப்படும், போதை தராத சி.பி.டி. எவ்வளவு என்பதை அது சொல்லவே சொல்லாது. அதற்கு ஆய்வகச் சான்றிதழைத்தான் பார்க்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஹெக்டேருக்கு எவ்வளவு வருமானம் என்று எழுதிய தாளை யாராவது நீட்டினால், அதை ஓரமாக வைத்துவிடுங்கள். இந்தப் பயிரில் வருமானத்தைத் தீர்மானிக்கிற விஷயங்கள் வேறு.

பகல் நீளம். ஹெம்ப் குறும்பகல் செடி. பகல் ஏறக்குறைய 14 மணி நேரத்துக்கும் கீழே இறங்கும்போது பூக்கத் தொடங்கும். வட ஐரோப்பாவில் கோடைப் பகல் நீளமானது. அங்கே மூன்று மீட்டர் வளரும் ரகத்தை நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விதைத்தால், முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும். நார் கிடைக்காது, விதையும் சொற்பம். வெப்பநாடுகளுக்கு, தாமதமாகப் பூக்கும் தென்பகுதி ரகங்கள் வேண்டும். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் உருவான யுன்மா வரிசை ரகங்கள் அப்படிப்பட்டவை. இந்த ஒரு விஷயத்தைப் பார்க்காமல் விதை வாங்கினால் மற்ற எல்லாக் கணக்கும் வீண். விதை நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த ரகம் எந்த அட்சரேகையில் சோதிக்கப்பட்டது?" என்பதுதான்.

அறுவடைக்குப் பிறகு வரும் 48 மணி நேரம். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. விதை என்றால் சில மணி நேரத்துக்குள் காற்று படவேண்டும். பூ என்றால் அன்றைக்கே உலர்த்தும் கூடத்தில் தொங்க வேண்டும். நார் என்றால் வயலிலேயே கிடக்கலாம், ஆனால் வானம் ஒத்துழைக்க வேண்டும். உங்களிடம் என்ன உலர்த்தும் வசதி இருக்கிறது என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

சட்ட வரம்பு. 1976இல் ஸ்மால், கிரான்குவிஸ்ட் என்ற இரு தாவரவியலாளர்கள் வகைப்படுத்தலுக்காக டி.எச்.சி. 0.3 சதவீதம் என்று ஒரு கோடு போட்டார்கள். போதை தரும் அளவு, தராத அளவு என்று பார்த்துப் போட்ட கோடு அல்ல அது. ஆனாலும் அமெரிக்காவின் 2018 விவசாயச் சட்டமும் கனடாவும் அதையே எடுத்துக்கொண்டன. 0.2 சதவீதத்தில் இருந்த ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் 0.3க்கு வந்தது. சுவிட்சர்லாந்தில் 1 சதவீதம். இந்தியாவில் நிலைமையே வேறு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 14ஆவது பிரிவு, நாருக்கும் விதைக்கும் தோட்டக்கலைக்கும் மட்டுமே அரசு சாகுபடி அனுமதி கொடுக்கலாம் என்கிறது. பூங்கொத்து அங்கே கஞ்சா என்ற வரையறைக்குள்ளேயே வந்துவிடும். அதனால் சில நாடுகளில் பூ என்ற மூன்றாவது வழி கணக்கிலேயே வராது. உங்கள் உரிமத்தில் எந்தப் பாகம் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

வாங்குபவர். கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கிறதா, "விளைந்தால் பார்க்கலாம்" என்ற வாய்ச்சொல் மட்டும்தானா?

அக்கம்பக்கம். ஹெம்ப் மகரந்தம் காற்றில் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். பக்கத்து வயல்காரர் என்ன விதைக்கிறார் என்பது உங்கள் பயிரையும் பாதிக்கும்.

நிலத்தைப் பொறுத்தவரை மூன்றுக்கும் தேவை ஒன்றுதான், அதனால் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். நன்றாக நீர் வடிகிற வண்டல் கலந்த மண், அமில-கார அளவு 6 முதல் 7.5 வரை. முளைத்த முதல் மூன்று வாரம் தண்ணீர் தேங்கினால் பயிர் மஞ்சளடித்து நின்றுவிடும். மேல்மண் இறுகினாலும் முளை வெளியே வராது. அப்புறம் இன்னொரு குணம்: மண்ணில் உள்ள கன உலோகங்களை இது உறிஞ்சி எடுக்கும். அணு உலை விபத்து நடந்த செர்னோபில் பகுதியில் மண்ணைச் சுத்தம் செய்யும் சோதனைகளில் ஹெம்ப்பைப் பயன்படுத்தியது அதனால்தான். நாருக்கு இது பெரிய குறை இல்லை. வாயில் போடுகிற விதைக்கும் மருந்தாகிற பூவுக்கும், விதைப்பதற்கு முன்பே மண் பரிசோதனை கட்டாயம்.

## நாருக்காக வளர்ப்பது

இதில் செடியை வேண்டுமென்றே நெருக்கி வளர்க்கிறோம். ஹெக்டேருக்கு 50 முதல் 70 கிலோ விதை. ஒரு சதுர மீட்டரில் 200 செடிக்கு மேல் நிற்கும். நெருக்கத்தில் கிளை விடாமல் நேராக 2 முதல் 4 மீட்டர் வரை ஏறும். நிழல் சீக்கிரம் மூடிவிடுவதால் களை தலையெடுக்காது. களைக்கொல்லி இல்லாமல் நடக்கும் விவசாயம் என்று இதைப் புகழ்வது நாருக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். கார்மக்னோலா, கொம்போல்டி, ஃபியூச்சுரா 75 போன்றவை பேர்போன நார் ரகங்கள். எல்லாம் நீண்ட பகல் உள்ள நாடுகளில் உருவானவை.

ஆண் செடிகள் பூத்து மகரந்தம் உதிர்க்கும் சமயத்தில் அறுக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் தண்டு மரமாகி நார் முரடாகிவிடும். அறுத்த தண்டு வயலிலேயே பனியிலும் வெயிலிலும் கிடந்து ஊற வேண்டும். பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் நாரைத் தண்டோடு ஒட்டவைக்கிற பெக்டினைத் தின்று தீர்க்கும். இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை ஆகும், இடையில் ஓரிரு முறை புரட்டிப் போட வேண்டும். குறைவாக ஊறினால் நார் பிரியாது, அதிகமாக ஊறினால் நாரே மக்கிவிடும். எப்போது எடுப்பது என்பது கையால் ஒடித்துப் பார்த்துப் பழகிய ஆளுக்குத்தான் தெரியும். புத்தகத்தைப் பார்த்து முதல் வருடமே சரியாகச் செய்துவிட முடியாது.

விளைச்சல் கணக்குக்கு வருவோம். நல்ல வயலில் ஹெக்டேருக்கு 8 டன் உலர் தண்டு என்று வைத்துக்கொண்டால், அதில் பட்டை நார் கால் பங்கு, அதாவது 2 டன். மிச்சம் பெரும்பகுதி உள்தண்டுச் சக்கை. சக்கையைக் கழிவு என்று நினைத்தால் கணக்கு உதைக்கும். கால்நடைக்குப் படுக்கையாக விரிக்கவும், சுண்ணாம்போடு கலந்து சுவர் நிரப்பவும் அதுதான் போகிறது. அந்தச் சுவர் வெப்பத்தைத் தடுக்கும், பாரம் தாங்காது. சக்கைக்கும் சேர்த்து விலை பேசாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு வண்டி வாடகை. தண்டுக் கட்டு பெரிது, எடை குறைவு. வண்டி நிறைந்துவிடும், விலை நிறையாது. நாரையும் சக்கையையும் பிரிக்கும் ஆலை 50, 60 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், போக்குவரத்தே லாபத்தைத் தின்னத் தொடங்கும். அப்புறம் இயந்திரம். நீளமான நார், அறுவடை இயந்திரத்தில் சுழலும் தண்டுகளில் சுற்றிக்கொண்டு, உராய்ந்து சூடாகித் தீப்பிடிக்கும். வழக்கமான நெல், கோதுமை இயந்திரத்தை அப்படியே உள்ளே இறக்கக் கூடாது. கட்டும்போது ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கட்டு உள்ளுக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

சட்ட வரம்பைப் பொறுத்தவரை இதில்தான் மன நிம்மதி அதிகம். பதிவான ரகம், பூ முதிரும் முன் அறுவடை என்பதால் வரம்பைத் தாண்டுவது அரிது.

பிரிக்கும் ஆலை பக்கத்தில், நிலம் பெரிது, அறுவடை மாதத்தில் பனி விழும் ஆனால் அடைமழை இல்லை: நார் இவருக்குத்தான். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## விதைக்காக வளர்ப்பது

புதிதாகத் தொடங்கும் பெரும்பாலோருக்கு நான் முதலில் காட்டும் வழி இது. காரணம் எளிது. தானியம் விளைவித்துப் பழகிய விவசாயிக்கு ஏற்கனவே தெரிந்த வேலைகளோடு இது ஒத்துப்போகிறது, இடிந்துபோக வைக்கும் நஷ்டமும் குறைவு.

ஹெக்டேருக்கு 25 முதல் 35 கிலோ விதை, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம். குட்டையாக வளரும் ரகம் வேண்டும், ஏனென்றால் நெட்டைத் தண்டு அறுவடை இயந்திரத்துக்கு எமன். பின்லாந்தின் ஃபினோலா, கனடாவின் சி.எஃப்.எக்ஸ். 2, சி.ஆர்.எஸ். 1 ஆகியவை இந்த வகை. ஃபினோலா பகல் நீளத்தைப் பெரிதாகப் பார்க்காமல் சீக்கிரம் பூத்துவிடும் குணம் உள்ளது. கனடாவில் 1998இல் ஹெம்ப் சாகுபடிக்கு அனுமதி வந்ததிலிருந்து இருபது ஆண்டுகள் விதைக்கும் தண்டுக்கும் மட்டுமே இடம் இருந்தது. பூவை எடுக்க 2018இல்தான் வழி பிறந்தது. அந்த நெருக்கடியே அங்கே விதை ரகங்களை நன்றாக வளர்த்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 800 முதல் 1,200 கிலோ. விதையில் எண்ணெய் 30 முதல் 35 சதவீதம், புரதம் கால் பங்குக்கு அருகில். ஒமேகா 6, ஒமேகா 3 கொழுப்புகள் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருப்பது உணவுச் சந்தையில் இதன் பெரிய பலம்.

கொத்தில் 70, 80 சதவீதம் விதை முதிர்ந்ததும் அறுத்துவிட வேண்டும். முழுவதும் முதிரட்டும் என்று காத்திருந்தால் பாதி தரையில் உதிரும், மீதியில் பறவைகள் பங்கு கேட்கும். அதாவது விதை ஈரமாகத்தான் வீட்டுக்கு வரும். 20 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ வந்தது என்று வையுங்கள். சேமிக்க 9 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். அப்படியானால் 120 கிலோ தண்ணீரை வெளியேற்றியாக வேண்டும், அதுவும் குவியல் சூடாகும் முன்பே. அறுத்த நாலு மணி நேரத்துக்குள் காற்றோட்டம் கொடுக்கத் தொடங்கவில்லை என்றால் விதை புழுங்கி, எண்ணெய் சிக்கடித்துவிடும். சிக்கு வாடை வந்த விதையை உணவு நிறுவனம் வாங்காது. அதிகம் சூடேற்றி அவசரமாகக் காயவைத்தாலும் அதே கதைதான்.

இதுதான் விதையின் மறைமுகச் செலவு: உலர்த்தி. பலரும் விதைப்புச் செலவை எழுதுவார்கள், அறுவடைக் கூலியை எழுதுவார்கள், உலர்த்தியை எழுத மறப்பார்கள்.

இன்னும் இரண்டு விஷயம். விதையின் உள்ளே டி.எச்.சி. கிடையாது. ஆனால் விதையைப் போர்த்தியிருக்கும் செதிலில் பிசின் உண்டு, அது விதைத் தோலில் ஒட்டும். சுத்தம் செய்யும் இயந்திரம் சரியில்லை என்றால் உணவுப் பரிசோதனையில் தடுமாற நேரும். அடுத்தது, விதையின் முளைப்புத் திறன் சீக்கிரம் குறையும். இந்த ஆண்டு மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு விதைக்கலாம் என்று எடுத்துவைக்காதீர்கள். சூரியகாந்தி, கடுகு, பீன்ஸ் வகைகளைத் தாக்கும் வெள்ளைப் பூஞ்சை இதையும் தாக்கும் என்பதால், அவற்றுக்குப் பின்னால் இதைப் போடுவதும் தவறு.

## பூவுக்காக வளர்ப்பது

ஆசை காட்டுவது இதுதான். அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சி.பி.டி. என்ற பொருள் பெண் பூவின் பிசின் முடிகளில் சுரக்கிறது. போதை தராது. வலிப்பு நோய்க்கான ஒரு சி.பி.டி. மருந்துக்கு 2018இல் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்த பிறகு உலகமே அதன் பக்கம் திரும்பியது. அதே ஆண்டு விவசாயச் சட்டமும் வந்தது. கூட்டம் கூட்டமாக விதைத்தார்கள், சரக்கு குவிந்தது, விலை சரிந்தது. அமெரிக்க வேளாண் துறைக் கணக்கில் 2021இல் நாட்டின் மொத்த ஹெம்ப் விளைச்சலின் மதிப்பு 82.4 கோடி டாலர். அடுத்த ஆண்டே 23.8 கோடி. பூவில் பணமே இல்லை என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆலையும் ஒப்பந்தமும் இல்லாமல் இறங்கிய பலர் இந்த விலைச் சரிவில் மாட்டிக்கொண்டார்கள்.

சாகுபடி முறை தோட்டக்கலையைப் போன்றது, வயல் விவசாயம் அல்ல. ஹெக்டேருக்கு 2,500 முதல் 5,000 செடி. ஒவ்வொரு செடிக்கும் இரண்டு சதுர மீட்டராவது இடம், காற்று புக வேண்டும். விதை கிலோ கணக்கில் வராது, எண்ணிக்கைக் கணக்கில் வரும். பெண் செடி மட்டுமே முளைக்கும்படி செய்த விதை, அல்லது தாய்ச்செடியிலிருந்து எடுத்த போத்து நாற்று. போத்து நாற்றில் எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்கும், ஆணி வேர் இருக்காது, பலத்த காற்றில் சாயும்.

இண்டிகா குணம் இங்கேதான் முன்னுக்கு வருகிறது. குட்டையான, அகன்ற இலை வகை சீக்கிரம் முதிரும், கையால் அறுக்க வசதி, பூங்கொத்து கனம். ஆனால் அது வறண்ட மலைச் செடி என்பதை மறக்கக் கூடாது. ஈரக்காற்று உள்ள இடத்தில் அந்த இறுகிய கொத்தின் நடுவில் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். வெளியே பச்சையாக இருக்கும், பிளந்து பார்த்தால் உள்ளே அழுகல். ஈரமான கடற்கரைப் பகுதியிலும், அறுவடைக் காலத்தில் மழை பெய்யும் இடத்திலும் கொத்து கொஞ்சம் தளர்வாக இருக்கும் மெல்லிய இலை கொண்ட சட்டைவா பக்கத்து ரகமே நல்லது. கொத்தின் கனத்தைப் பார்த்து ரகம் வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் அடிபடுகிறார்கள்.

அடுத்து ஆண் செடி. ஒரு ஆண் செடி தப்பி நின்று மகரந்தம் விட்டால், சுற்றியுள்ள பெண் பூக்கள் பிசின் சுரப்பதைக் குறைத்து விதை கட்டத் தொடங்கும். விதை விழுந்த பூவுக்குச் சந்தையில் மதிப்பு இறங்கும். பூக்கும் காலம் முழுவதும் வயலில் நடந்து ஆணைப் பிடுங்க ஆள் வேண்டும். பக்கத்தில் நாருக்கோ விதைக்கோ ஒருவர் ஹெம்ப் போட்டிருந்தால் பிடுங்கிப் பயனில்லை, அவர் வயல் முழுக்க மகரந்தம்தான்.

எல்லாவற்றுக்கும் மேல் சட்ட வரம்பு. சி.பி.டி.யை உருவாக்கும் அதே நொதி, கொஞ்சம் டி.எச்.சி.யையும் கூடவே உருவாக்கும். அதனால் ஒன்று கூடினால் மற்றதும் கூடும். விகிதம் ஏறக்குறைய 25க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். மொத்த டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தொடும்போது சி.பி.டி. 7.5 சதவீதத்தில்தான் இருக்கும். "15 சதவீதம் சி.பி.டி. தரும், வரம்புக்குள்ளும் இருக்கும்" என்று விதை விற்பவர் சொன்னால், 15ஐ 25ஆல் வகுத்துப் பாருங்கள், 0.6 வரும். இரண்டையும் ஒன்றாக நம்ப முடியாது. எந்தக் கணக்கில் அளக்கிறார்கள் என்பதும் முக்கியம். அமெரிக்க விதிப்படி டி.எச்.சி.யோடு, அதன் அமில வடிவத்தை 0.877ஆல் பெருக்கிச் சேர்த்து மொத்தத்தைப் பார்க்கிறார்கள். மாதிரி எடுத்த 30 நாளுக்குள் அறுவடையும் முடிய வேண்டும். பூ முதிர முதிர அளவு ஏறும் என்பதால், வாராவாரம் சொந்தச் செலவில் பரிசோதித்து, எண் ஏறும் முன் அறுத்துவிடுவதுதான் ஒரே வழி. தாண்டிவிட்டால் மொத்தப் பயிரையும் அழிக்க வேண்டிவரலாம். அந்த நஷ்டத்தைக் காப்பீடு தரும் என்று நம்பி இருக்காதீர்கள்.

அறுத்த பிறகும் வேலை முடியாது. 15 முதல் 21 டிகிரி வெப்பம், 50 முதல் 60 சதவீதக் காற்று ஈரம் உள்ள கூடத்தில் மெதுவாக உலர வேண்டும். ஒரு ஹெக்டேர் செடியைத் தொங்கவிட எவ்வளவு பெரிய கூடம் வேண்டும் என்று நாற்று வாங்கும் முன்பே அளந்து பாருங்கள்.

சிறிய நிலம், கைவேலைக்கு ஆள், உலர்த்தும் கூடம், வறண்ட அறுவடைக் காலம், முன்கூட்டியே விலை எழுதிய ஒப்பந்தம், பக்கத்தில் வேறு ஹெம்ப் இல்லை. இத்தனையும் சேர்ந்திருந்தால் பூ நல்ல தேர்வு. இதில் ஒன்று இல்லை என்றாலும் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள் என்றே சொல்வேன்.

## பக்கம் பக்கமாக

| | நார் | விதை | பூ |
|---|---|---|---|
| ஹெக்டேருக்கு விதை/செடி | 50–70 கிலோ | 25–35 கிலோ | 2,500–5,000 செடி |
| செடியின் உருவம் | நெட்டை, கிளையில்லாதது | குட்டை அல்லது நடுத்தரம் | புதர், நிறையக் கிளை |
| அறுவடைச் சமயம் | ஆண் பூ மகரந்தம் உதிர்க்கும்போது | 70–80 சதவீத விதை முதிர்ந்ததும் | பரிசோதனை எண் வரம்பைத் தொடும் முன் |
| அறுவடைக்குப் பின் | வயலில் 2–6 வாரம் ஊறல் | சில மணி நேரத்தில் காற்றோட்டம் | அன்றே உலர்த்தும் கூடம் |
| மறைமுகச் செலவு | வண்டி வாடகை, இயந்திரப் பழுது | உலர்த்தி, சுத்திகரிப்பு | பரிசோதனை, ஆள், கூடம் |
| வரம்பு தாண்டும் ஆபத்து | மிகக் குறைவு | குறைவு | அதிகம் |
| ஆள் தேவை | குறைவு | குறைவு | மிக அதிகம் |
| மகரந்தம் | கவலையில்லை | தேவை | எதிரி |

## இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா

விதையையும் நாரையும் ஒரே வயலில் எடுக்கலாம். பிரான்சில் இது நெடுநாள் வழக்கம். ஃபெடோரா 17, ஃபெலினா 32 போன்ற, ஆணும் பெண்ணும் ஒரே செடியில் பூக்கும் ரகங்கள் அதற்காகவே இருக்கின்றன. மேலே கொத்தை அறுத்துக்கொண்டு, அடித்தண்டைத் தனியாக எடுப்பார்கள். விதை முதிரும்வரை காத்திருப்பதால் நார் முரடாக இருக்கும். துணிக்கு ஆகாது, காகிதத்துக்கும் காப்புப் பலகைக்கும் போகும். விதையை முதல் வருமானமாகவும் தண்டை மேல்வரவாகவும் நினைத்தால் இது நியாயமான ஏற்பாடு. ஆலைக்காரர் துணி நாரின் விலையை மனதில் வைத்துப் பேசினால் ஏமாந்துவிடாதீர்கள்.

பூவையும் விதையையும் ஒன்றாக எடுக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. வேண்டாம். ஒன்றுக்கு மகரந்தம் வேண்டும், மற்றதற்கு அது வந்தால் கெட்டது. விதை நீக்கிய பின் மிஞ்சும் பதரிலிருந்து சி.பி.டி. எடுப்பது வேறு விஷயம், சட்டம் அனுமதிக்கும் இடங்களில் அது நடக்கிறது. அளவு குறைவு, விலையும் அதற்கேற்ற மாதிரிதான்.

## இன்னும் தயங்குகிறவர்களுக்கு

முதலில் மூன்று தொலைபேசி அழைப்பு. உரிமம் தந்த அலுவலகத்துக்கு: எந்தப் பாகத்தை விற்கலாம், வரம்பை எந்தக் கணக்கில் அளக்கிறீர்கள், யார் மாதிரி எடுப்பார்கள்? வாங்கப்போகும் ஆலைக்கு: என்ன ஈரத்தில், என்ன சுத்தத்தில் வேண்டும், தரம் குறைந்தால் எவ்வளவு கழிப்பீர்கள், எந்தத் தேதிக்குள் பணம்? பக்கத்து வயல்காரருக்கு: இந்தப் பருவம் என்ன விதைக்கிறீர்கள்?

இந்த மூன்று பதிலும் கையில் வந்தால் பெரும்பாலும் ஒரு வழி தானாகவே அடைபட்டுவிடும். உலர்த்தி இல்லாதவருக்கு விதையும், ஆலை தொலைவில் உள்ளவருக்கு நாரும், கூடமும் ஆளும் இல்லாதவருக்குப் பூவும் அப்படியே விழுந்துபோகும்.

மிஞ்சியதில் முழு நிலத்தையும் இறக்க வேண்டாம். உரிமம் கேட்கும் குறைந்தபட்சப் பரப்பில் மட்டும், இரண்டு ரகங்களை வாங்கி, பத்து நாள் இடைவெளி விட்டு இரண்டு தடவையாக விதைத்துப் பாருங்கள். முதல் பூ எந்தத் தேதியில் தெரிகிறது, அப்போது செடி எவ்வளவு உயரம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு விதை வாங்கப் போகும்போது விற்பவரின் துண்டுப்பிரசுரத்தை மூடிவைத்துவிட்டு, அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசலாம்.